பால்மரத்தின் பனிக்காலம்: கிள்ளான் பள்ளத்தாக்கில் கிறிஸ்துமஸும் எதிர்நோக்கும்

1. இருள் நீளாத ஊர்

கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகை தள்ளி இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே வித்தியாசம் இருபது நிமிடச் சொச்சம். இலண்டனில் அது எட்டரை மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பர் 21 அன்று மாலை ஏழு மணிக்கும் நகரின் பங்சார் பகுதியில் வெளிச்சம் இருக்கும். காலையில் ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது என்றால் அந்தக் குற்றம் சூரியனுடையது அன்று. 1982 புத்தாண்டு பிறந்தபோது தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்த அரசினுடையது.

இந்த ஊரில்தான் நவம்பர் பாதியிலேயே கடை வாசல்களில் பஞ்சுப் பனி கொட்டுகிறது. வெளியே முப்பத்திரண்டு டிகிரி வெக்கையில் வேர்த்து வருகிறவரைக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கம்பளிக் குல்லாய் போட்ட பொம்மை வரவேற்கிறது. தேவாலயங்களிலும் திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளில் ஒவ்வொன்றாக மெழுகுவத்தி ஏற்றி, இருளில் ஒளி வரும் என்று பிரசங்கம் நடக்கிறது. இருளே நீளாத ஊரில் அந்தப் பேச்சுக்கு என்ன பொருள்? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி அவ்வளவே.

இதற்கு இரண்டு விடைகள் வழக்கில் இருக்கின்றன. பனியும் ஊசியிலை மரமும் காலனியச் சரக்கு, தமிழ்க் கிறிஸ்தவர் அதை இறக்கிவைத்துவிட வேண்டும் என்பது ஒன்று; பண்பாட்டுமயமாக்கம் பேசும் இறையியலாளர் வட்டங்களில் இது அடிக்கடி கேட்கும். இருள் என்பது உருவகம்தானே, அதற்கு நிலமும் பருவமும் எதற்கு என்பது மற்றொன்று. பிரசங்க மேடைகளின் எழுதப்படாத நிலைப்பாடு இது. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே அனுமானத்தில் நிற்கின்றன: இந்த மண்ணுக்குப் பனிக்காலம் கிடையாது. அந்த அனுமானம் பிழை என்பது என் முடிவு. இங்கே ஒரு பனிக்காலம் இருந்தது. அது டிசம்பரில் வரவில்லை.

2. தேதியின் கதை

சுருக்கமாகவே சொல்லிக் கடக்கலாம். இயேசு பிறந்த நாளை நற்செய்தி நூல்கள் தரவில்லை. இடையர்கள் இரவில் வயல்வெளியில் கிடை காத்தார்கள் என்று லூக்கா சொல்வதைத் தவிர பருவத்துக்கு வேறு குறிப்பும் இல்லை. டிசம்பர் 25க்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று, ரோமில் 354இல் தொகுக்கப்பட்ட ஒரு காலக்குறிப்பேடு; அதிலுள்ள பட்டியல் 336ஐ ஒட்டியது என்பது அறிஞர் கணிப்பு. வெல்லப்படாத சூரியனுக்கான ரோமானிய விழாவைக் கிறிஸ்தவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள் என்பது நெடுநாள் விளக்கம். கிறிஸ்து கருவானதும் மரித்ததும் ஒரே தேதியில், மார்ச் 25இல், என்று கொண்டு அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினார்கள் என்பது மாற்று விளக்கம். தாமஸ் டாலி 1986இல் எழுதிய நூல் இதற்குப் புது வலுவூட்டியது. விவாதம் முடியவில்லை. இரண்டில் எது சரியானாலும் நமக்கு வேண்டிய செய்தி மாறாது: தேதியை ஒட்டி வளர்ந்த பனி, அடர்காடு, அடுப்பங்கரை ஆகிய படிமங்கள் பிற்காலத்தவை, வட ஐரோப்பாவினுடையவை. இன்று எங்கும் காணும் நான்கு மெழுகுவத்தி வளையத்தின் மூலமும் 1839இல் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கென யோகான் ஹின்ரிக் விசெர்ன் ஏற்றிய விளக்குச் சக்கரம்தான். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்கு நாள் எண்ணக் கொடுத்த கருவி அது. ஏழைப் பிள்ளைகளின் பொறுமையின்மையிலிருந்து பிறந்த வழக்கம் என்பதால் அதன்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

பெத்லகேமின் குளிர்காலமோ மழைக்காலம். கோடை முழுக்க வெந்து கிடந்த மலைச்சரிவு அப்போதுதான் பசுமை பிடிக்கும். தமிழ் விவிலியம் இதற்கு வைத்திருக்கும் சொற்கள் முன்மாரி, பின்மாரி. உழவனின் வாயில் இருக்கும் சொற்கள். ஜெர்மானியக் காட்டைவிடத் தமிழரின் கார், கூதிர்ப் பொழுதுகளுக்கு இயேசுவின் ஊர் நெருக்கம்.

3. பனி என்ற சொல்லின் தந்திரம்

தமிழில் 'பனி' பனித்துளியையும் குறிக்கும், மூடுபனியையும் குறிக்கும், குளிரில் நடுங்குவதையும் குறிக்கும். வானிலிருந்து வெள்ளையாய் விழுவதை மட்டும் பிரித்துச் சொல்ல உறைபனி, வெண்பனி என்று அடை கூட்டவேண்டியிருக்கிறது. ஆகவே ஐரோப்பியக் கிறிஸ்துமஸ் பாட்டுகள் தமிழுக்கு வந்தபோது மொழியே ஒரு மாற்றத்தைச் சத்தமில்லாமல் செய்துவிட்டது. மார்கழி விடியலில் தஞ்சாவூர் வைக்கோற்போரின் மேல் இருக்கும் ஈரம், பெத்லகேம் தொழுவத்தின் கூரைக்கும் போதுமானதாயிற்று. கிறிஸ்துமஸ் வருவது மார்கழியின் இரண்டாம் வாரத்தில். முன்பனிக் காலம்தான்.

வீரமாமுனிவர் 1726இல் முடித்த 'தேம்பாவணி'யில் யூதேயாவின் நாடும் நகரும் தமிழ்க் காப்பிய மரபின் நாடும் நகருமாகவே விரிகின்றன. இத்தாலியில் பிறந்தவர், பனிமலைகளை அறிந்தவர். ஆனாலும் தமிழ்க் காப்பியத்துக்குள் வந்தபின் தமிழ்த் திணைக்குக் கட்டுப்பட்டார். தஞ்சை சரபோஜியின் காலத்தில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி'யில் குறத்தியையே குறி சொல்ல வைத்தார். மறுபுறத்தில், லுத்தரன் சபைகளில் ஜெர்மானிய மெட்டோடு வந்த 'ஞானப்பாட்டு'களும் தமிழ் மெட்டில் எழுந்த 'கீர்த்தனை'களும் ஒரே புத்தகப்பையில் இன்றுவரை குடித்தனம் நடத்துகின்றன.

இந்தச் சுமையோடுதான் தமிழர் கடல் தாண்டினர். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் 1924இல் எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயத்துக்குத் தரங்கம்பாடி வழியாகவும் லைப்சிக் மிஷன் வழியாகவும் நீளும் வேர் உண்டு. இன்று பங்சார் லுத்தரன் சபை ஆங்கிலத்தில் வழிபடுகிறது. அது சேர்ந்திருக்கும் மலேசிய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையோ தமிழ்க் குடியேறிகளிடம் தொடங்கியது. கத்தோலிக்கருக்குப் புடு பகுதியின் புனித அந்தோணியார் ஆலயம் இருந்தது. எண்ணிக்கையில் இவர்கள் சிறுபான்மைக்குள் சிறுபான்மை: 2010 கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியரில் கிறிஸ்தவர் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பேர்.

தாயகத்தின் மார்கழிப் பனி இங்கே கூட வரவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் முன்பனியும் இல்லை, பின்பனியும் இல்லை. மழை கூடும், குறையும். பாட்டில் பனி தங்கிவிட்டது, அதற்கான பருவம் கப்பலேறவில்லை. கடை வாசலின் பஞ்சுப் பனியை எள்ளுகிற நாம் இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: இங்கே பாடப்படும் மார்கழிக் குளிரும் இறக்குமதிதான். முகவரி மட்டும் வேறு.

4. மரம் மொட்டையாகும் மாதம்

பங்சார் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் ஒட்டிக் குறுகிப் பங்சார் ஆயிற்று என்பது பரவலாகச் சொல்லப்படும் பெயர்க் காரணம். வீடமைப்புப் பகுதிகளும் உணவகங்களும் பிற்காலத்தவை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரங்கள் விழுந்த இடத்தில் எழுந்தவை.

ரப்பர் மரம் ஆண்டுக்கொரு முறை இலை முழுவதையும் உதிர்க்கும். தீபகற்பத்தில் இது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டி, மழை விட்டு வறட்சி தலைகாட்டும்போது நடக்கும். இலை பழுத்துச் சிவந்து கொட்டி, சில வாரங்களுக்குத் தீம்பார் (ரப்பர்க் காடு) முழுக்க மொட்டைக் கிளையாக நிற்கும். பிறகு செந்தளிர் விடும். தளிர் முற்றும்வரை மரத்தின் சத்து இலைக்குப் போவதால் பால் குறையும். தோட்டத் துரைமார் இதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் 'விண்டரிங்' - அதாவது மரம் பனிக்காலம் கொண்டாடுகிறது! ஊரை விட்டு வந்த வெள்ளைக்காரன், வெயில் கொளுத்தும் நாட்டில் இலையில்லா மரத்தைப் பார்த்ததும் தன் நாட்டுப் பருவத்தின் பெயரைச் சூட்டியிருக்கிறான். ஏக்கத்தில் பிறந்த பெயராக இருக்கலாம். இன்றைக்கு வேளாண் அறிவியலின் கலைச்சொல்லே அதுதான்.

துரைக்கு அது விளைச்சல் புள்ளியில் ஒரு சரிவு. பால் வெட்டுகிறவருக்கு அது கூலி. வெட்டுகிற மரம் குறைய ஊறினால், இருட்டில் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய் நின்றவர் பால் ஏந்தும் மங்குகளைக் கவிழ்த்துச் சேர்க்கும் பாலும் குறையும். இதோடு மழைக்காலத்தையும் சேர்க்க வேண்டும். இரவில் மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் கோட்டில் இறங்காமல் பட்டையெங்கும் பரவி வழியும், மங்கில் தண்ணீர் நிற்கும். வெட்டு இல்லாத நாள் வரும்படி இல்லாத நாள். கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை அக்டோபர், நவம்பரில் உச்சம் தொட்டு டிசம்பருக்குள்ளும் நீள்கிறது.

இப்போது திருச்சபையின் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பால்வெட்டுத் தொழிலாளிக்கு ஆண்டில் இரண்டு வறிய காலங்கள்: மழை ஒன்று, இலையுதிர்வு மற்றொன்று. முதலாவதன் கடைசியில் திருவருகைக் காலமும் கிறிஸ்துமஸும் வருகின்றன. இரண்டாவது, தவக்காலத்தோடு ஒட்டி ஓடுகிறது. சாம்பல் புதன் பிப்ரவரி 4க்கும் மார்ச் 10க்கும் இடையில் வரும். உயிர்த்த ஞாயிறு மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில். இலை கொட்டத் தொடங்கும்போது சாம்பல், தளிர் முற்றும்போது உயிர்ப்பு. சீர்திருத்தச் சபையார் இன்றும் 'லெந்து நாட்கள்' என்று சொல்லும் அந்தச் சொல்லின் வேர், வசந்தத்தில் பகல் நீள்வதைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். ஐரோப்பாவில் பகல் நீள்வதோடு ஓடிய நோன்பு, மலாயாத் தோட்டத்தில் இலை உதிர்வதோடு ஓடியது.

இந்தப் பொருத்தத்தை மூன்று இடங்களில் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். ஒன்று, இது நான் வைத்துப் பார்க்கும் பொருத்தம். தோட்டத்து லயக் குடியிருப்புகளில் வாழ்ந்த மக்கள் இப்படி நினைத்தார்கள் என்று நான் வாதாடவில்லை. இரண்டு, பால் வெட்டியவர்களில் மிகப் பெரும்பான்மையோர் இந்துக்கள். அதே மழையில் அவர்களுக்குத் தீபாவளி வந்தது. இலையுதிர்வை ஒட்டித் தைப்பூசம் வந்தது. வறுமைக்காலத்தின் விழா கிறிஸ்தவருக்கு மட்டும் சொந்தமில்லை. மூன்று, தமிழ்க் கிறிஸ்தவர் எல்லாரும் மரத்தடியில் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குவார்ட்டர்ஸில் வாழ்ந்த யாழ்ப்பாணத்தார் பலருக்கு மாதச் சம்பளம்; தோட்டத்து எழுத்தரான கிராணிக்கும் அப்படியே. மழை அவர்களின் குடையை நனைத்தது, சம்பளத்தை நனைக்கவில்லை. ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே பீடத்தின் முன், ஒரே மெழுகுவத்தி. ஆனால் இருள் எல்லாருக்கும் ஒரே இருளாக இருந்திருக்க முடியாது. 'இருள் வெறும் உருவகம்' என்கிற இரண்டாவது விடை இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. மாதச் சம்பளக்காரரின் விடை அது.

5. தளிர் திரும்பாத இடம்

பால்மரத்தின் பருவத்தைக் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு உவமையாக்கிவிட்டு எழுந்துவிடலாம் என்று தோன்றும். இலை உதிர்ந்தது, தளிர் வந்தது, இருள் போய் ஒளி வந்தது. பிரசங்கத்துக்கு இது போதும். எனக்குப் போதவில்லை. பங்சாரில் மரங்கள் ஒரு முறை விழுந்தன, பிறகு தளிர்க்கவே இல்லை. தோட்டங்கள் கைமாறித் துண்டாடப்பட்டபோதும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், பிறகு வீட்டுமனையானபோதும் லயத்து மக்கள் இடம்பெயர்ந்தார்கள். சுழற்சியை நம்புகிற நம்பிக்கை, மண்வாரி இயந்திரத்தின் முன்னால் நிற்காது.

கிறிஸ்தவ மரபு இதை அறிந்தே சொற்களைப் பிரித்திருக்கிறது. தமிழில் அந்தப் பிரிப்புக்கு ஒரு சுவையான சிக்கலும் உண்டு. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதின்மூன்றாம் அதிகாரம் மூன்று பண்புகளை அடுக்குகிறது. சீர்திருத்தச் சபையாரின் பழைய மொழிபெயர்ப்பில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு. 1995இல் வந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. ஒருவருக்கு இரண்டாவதாக இருக்கும் சொல் மற்றவருக்கு முதலாவது. பிரிக்பீல்ட்ஸில் மெதடிஸ்டும் கத்தோலிக்கரும் ஒரே மேடையில் நின்று 'நம்பிக்கை' என்று சொன்னால் இருவரும் வேறு வேறு பொருளில் பேசக்கூடும். கேட்பவர் இருவருக்கும் தலையாட்டுவார். பழைய கத்தோலிக்க மந்திரங்களிலும் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்ற வரிசையே இருந்தது.

'எதிர்நோக்கு' உயிரில்லாத குழுச்சொல் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. நானும் அப்படி நினைத்திருந்தேன். போப் பிரான்சிஸ் 2024 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் தொடங்கிவைத்த யூபிலி ஆண்டுக்கு 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று தமிழில் பெயரிட்டு, பங்குதோறும் அது புழங்கியபின் காது பழகியது. இப்போது அதுவே நல்ல சொல் என்பேன். 'நம்பிக்கை' உள்ளே இருக்கும் ஒரு நிலை. 'எதிர்நோக்கு' முகம் திரும்பியிருக்கும் திசை.

அந்தத் திசைக்குத் தமிழ் மரபு ஒரு திணையே வகுத்திருக்கிறது. முல்லைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். நப்பூதனாரின் 'முல்லைப்பாட்டு' 103 அடிதான். பத்துப்பாட்டில் சிறியது அது. அரசி காத்திருக்கிறாள்; போருக்குப் போன அரசன் திரும்பவில்லை. மழை பெய்து ஓய்ந்த மாலையில் முதிய பெண்கள் நெல்லும் முல்லைப் பூவும் தூவி, விரிச்சி என்னும் நற்சொல் கேட்கக் காத்து நிற்கிறார்கள். அவர்கள் காதில் விழுவது ஓர் ஆயர் மகளின் பேச்சு. குளிரில் தோளைக் கட்டிக்கொண்டு நடுங்கியபடியே, தாயைக் காணாமல் சுழலும் இளங்கன்றிடம், உன் தாய் இதோ வந்துவிடுவாள் என்று ஆற்றுகிறாள். அவளுக்கு அரசியையும் தெரியாது, போரையும் தெரியாது. தானே குளிரில் நின்று, தன்னைவிடச் சிறிய உயிரைத் தேற்றுகிறாள். அந்தச் சொல்லை முதுபெண்டிர் நற்செய்தியாக எடுத்துக்கொண்டு அரண்மனைக்குத் திரும்புகிறார்கள்.

மழைக்குளிர், மாலை, ஆயர், நற்சொல்: லூக்காவின் இரவுக்கு இதைவிட நெருங்கிய தமிழ்க் காட்சி எனக்குத் தெரியாது. வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். விரிச்சி ஒரு நிமித்தம். பாட்டின் முடிவில் தேர் வந்துவிடுகிறது, நிமித்தம் பலித்துவிடுகிறது. கண்ணால் கண்டுவிட்டதை எதிர்நோக்குவது எப்படி என்று கேட்ட பவுலுக்கு, பலித்தல் ஒரு நிபந்தனையே இல்லை. சபைகளில் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது பலரின் கை விரிச்சிக்கும் எதிர்நோக்குக்கும் நடுவில்தான் நீள்கிறது. அதை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை.

6. இரண்டு டிசம்பர்கள்

இந்த மண்ணில் டிசம்பர் உண்மையாகவே இருண்ட ஆண்டுகள் உண்டு. 1941 டிசம்பர் 8 அதிகாலை, ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. கத்தோலிக்கருக்கு அமலோற்பவ அன்னை திருவிழா அன்று. 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் விழுந்தது. இடையில் வந்த கிறிஸ்துமஸுக்குப் பிறகு, தோட்டத் தமிழர் சயாம் இரயில் பாதைக்கு ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. பல குடும்பங்களில் போனவர் திரும்பவில்லை. முல்லையின் இருத்தல் அங்கே முடிவில்லாத இருத்தலாயிற்று.

அதே போர் இன்னொரு வாழ்வையும் சிதைத்தது. கோலாலம்பூரின் புக்கிட் நானாஸ் புனித யோவான் ஆலயத்தில் 1919 ஜனவரியில் திருமணம் செய்துகொண்ட சிபில் கார்த்திகேசு, யாழ்ப்பாணத் தமிழ் மருத்துவர் ஒருவரின் மனைவி, யூரேசியக் கத்தோலிக்கர், தாதி. பாப்பான் சிற்றூரில் ஜப்பானியரை எதிர்த்த கெரில்லாக்களுக்கு மருந்து கட்டினார், திருட்டுத்தனமாக வானொலி கேட்டார். 1943இல் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளாகி, போர் முடிந்தபோது நடக்க முடியாதவராக வெளியே வந்தார். ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. 1948இல் காயங்களாலேயே இறந்தார். அவர் கதையில் 'தளிர் வந்தது' என்று சொல்ல இடமில்லை. இருந்தும் அது எதிர்நோக்கின் கதை. மகிழ்ச்சியும் எதிர்நோக்கும் ஒன்று என்று நினைக்கும் கிறிஸ்துமஸ் அட்டைகளுக்கு அவரைப் பொருத்திப் பார்க்க முடியாது.

இரண்டாவது டிசம்பர் அண்மையது. 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் விடாமல் மழை கொட்டியது. தமிழர் நிறைந்த ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். 19ஆம் தேதி, திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு. நான்கு மெழுகுவத்தியும் எரிய வேண்டிய நாளில் அங்கே மின்சாரம் இல்லை. நாடு முழுக்க ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளியியல் துறை கணக்கிட்டது. அரசின் கை நீளுமுன் படகோடும் சோற்றுப் பொட்டலத்தோடும் வந்தவர்கள் சாதாரண மக்கள். பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் அடுப்பு அணையவில்லை. 'கித்தா ஜாகா கித்தா', நம்மை நாமே பார்த்துக்கொள்வோம் என்பது பெருந்தொற்றில் பிறந்து வெள்ளத்தில் வலுத்த மலாய் முழக்கம். நனைந்து நடுங்கிக்கொண்டே பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தேற்றியவர்களை நினைக்கும்போது, முல்லைப்பாட்டின் ஆயர் மகள் பழைய ஏட்டிலிருந்து எழுந்து வந்ததாகவே எனக்குப்படுகிறது. அவர்களில் கிறிஸ்தவர் எத்தனை பேர் என்று எண்ணுவது அற்பம்.

ஆகவே முதல் விடையையும் நான் ஏற்கவில்லை. பஞ்சுப் பனியைத் தூக்கி எறிவதால் ஒன்றும் கூடிவிடாது. அந்த இடத்தில் எதை வைப்பது என்பதே வேலை. கூலியில்லா மழை நாளும், மொட்டை மரமும், வெள்ளம் வடிந்தபின் சுவரில் நிற்கும் சேற்றுக் கோடும் நம் பிரசங்கங்களில் வரவேண்டிய பனிக்காலம்.

அதை எழுதுவதற்கான மூலங்கள் பெரும்பாலும் வீடுகளில்தான் இருக்கின்றன: தாத்தாவின் செக்ரோல் (கூலிப் பதிவேடு) துண்டு, லயத்தில் கைப்பட எழுதிய கேரல் பாட்டு நோட்டு, ஞானஸ்நானச் சான்று, சபையின் கையெழுத்துப் பிரதிகள். பங்சார், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அலமாரியின் கீழ்த்தட்டில் அப்படி ஏதேனும் இருந்தால் மேல்தட்டுக்கு மாற்றிவையுங்கள். முடிந்தால் படமெடுத்து உங்கள் சபையிலோ பங்கிலோ ஒரு படி கொடுத்துவையுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பு.